மீனைப் பாருடா என்று தலையைத் திருப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 67. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலிருந்து தாமிரபரணிக்குப் பத்து நிமிட நடை. மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. பேரனுக்கு எட்டு வயது. போன மே மாத விடுமுறைக்கு வந்தபோது, இயற்கையை ரசிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று மீன் பிடிக்க ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் "போர் அடிக்குது தாத்தா, போன் குடுங்க" என்றான். இரண்டாம் நாள் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு, சிந்திக் கிடந்த மண்புழுவை எறும்புகள் இழுத்துப்போவதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் இன்னும் அங்கேயே குத்தவைத்திருக்கிறான். "மீனைப் பாருடா" என்று நான்தான் தலையைப் பிடித்துத் திருப்பினேன். மூன்றாம் நாள் நல்ல கெளுத்தி ஒன்று மாட்டியது. அது துடித்ததைப் பார்த்து "வலிக்குது தாத்தா, விட்டுருங்க" என்று அழுதான். "மீனுக்கு வலிக்காதுடா" என்று சிரித்தேன். அதோடு ஆற்றுக்கே வரமாட்டேன் என்றுவிட்டான். மருமகளும் "இனிமே தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க மாமா" என்றுவிட்டாள். இந்த மே மாதமும் வருகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையில் ஈடுபாடே கிடையாதா? அவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? ஆன்லைனில் நல்ல தூண்டில் செட் ஒன்று வாங்கட்டுமா?

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். உரிமையோடு அண்ணாச்சி என்கிறேன், நானும் அதே ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். குழந்தைகள் நல மருத்துவராக முப்பது வருடம் ஓடிவிட்டது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தபோது 'சரி, வழக்கமான போன் பிரச்சினை' என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது அந்த எறும்பு கண்ணில் பட்டது.

கால் மணி நேரம் அண்ணாச்சி! எட்டு வயதுப் பையன், கையில் போன் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், வெயில் ஏறுகிற நேரத்தில் கால் மணி நேரம் குத்தவைத்து ஒரே விஷயத்தைப் பார்த்திருக்கிறான். அவ்வளவையும் எழுதிவிட்டு, கீழேயே 'ஈடுபாடே கிடையாதா' என்று கேட்கிறீர்கள். எறும்பு மண்புழுவை இழுத்துப்போவதை நீங்கள் கடைசியாக எப்போது நின்று பார்த்தீர்கள்? நாலு எறும்பு இந்தப் பக்கம் இழுக்கும், மூன்று அந்தப் பக்கம் இழுக்கும். புழு ஒரு சுழற்று சுழற்றினால் எல்லாம் தெறித்து விழும், உடனே ஓடிவந்து மறுபடி கவ்வும். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பட்டாளமே வந்து சேரும். வழியில் ஒரு கூழாங்கல் வந்தால் அதைச் சுற்றிப்போவதா, மேலே ஏற்றுவதா என்று பெரிய பஞ்சாயத்தே நடக்கும். வளைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் புழு உள்ளே நுழையாது என்று தெரியும். இந்தக் கடைசிக் கட்டத்தை உங்கள் பேரன் பார்க்கவில்லை. அதற்குள் தலையைத் திருப்பிவிட்டீர்கள்.

அந்த மூன்று நாளில் ஏமாந்துபோனது நீங்கள்தான், அவன் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குள் ஒரு ஆறு இருக்கிறது. பத்து வயதில் அரை நிஜாரோடு நீங்கள் கெண்டை பிடித்த ஆறு அது. அந்த ஆற்றைப் பேரனுக்குக் காட்ட ஆசைப்பட்டீர்கள், நியாயம்தான். ஆனால் அவன் கண்ணுக்கு அது தெரியாதே. அவனுக்குத் தெரிந்தது போன மே மாதத்து ஆறு. அதில் அவன் எறும்பைப் பார்த்தான், மீன் துடிப்பதைப் பார்த்தான். இரண்டும் ரசனைதான், இரண்டாவது கொஞ்சம் வலிக்கிற ரசனை. போரடிக்குது என்று சொன்ன முதல் நாளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மிதக்கிற தக்கையை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்பது நல்ல நேரம். (இரண்டாம் நாள் உங்களுக்கு வந்த அந்த போன் எத்தனை நிமிடம் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.)

அதனால் இந்தத் தடவை முதல் இரண்டு நாள் தூண்டிலே வேண்டாம். ஒரு பழைய மல் துண்டும், வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலும் போதும். எங்கள் ஆச்சி எங்களுக்கு மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். ஆற்றோரம் மணல் திட்டை ஒட்டிக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் இடம் பாருங்கள். துண்டின் இரண்டு முனையை நீங்கள் பிடியுங்கள், இரண்டை அவன் பிடிக்கட்டும். அடிப்பக்கம் தரையைத் தொட்டபடி மெல்ல நகர்த்திக்கொண்டுபோய், நாலு பக்கமும் சேர்த்துத் தூக்குங்கள். முதல் நாலு தடவை சருகும் மணலும்தான் வரும். ஐந்தாவது தடவை அயிரை ஒன்று வரும், இல்லையென்றால் பெயர் தெரியாத நகக்கண் அளவு குஞ்சு ஏதாவது வரும். பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, அடியில் ஒரு விரற்கடை மணல் போட்டு, அதில் விடுங்கள். அயிரையாக இருந்தால் கண்ணெதிரிலேயே மணலுக்குள் சொருகிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி உங்களைப் பார்க்கும். மீசை இருக்கிறது, உடம்பில் புள்ளி இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்துச் சொல்வான். பத்து நிமிடத்தில் தண்ணீர் சூடாகிவிடும், அதற்குள் திருப்பி விட்டுவிட வேண்டும். விடுகிற வேலையை அவனுக்குக் கொடுங்கள். போன வருஷம் "விட்டுருங்க" என்று அழுத பிள்ளை அவன், மறந்துவிடாதீர்கள்.

தண்ணீரில் சும்மா நின்றாலே போதும், பொடி மீன்கள் வந்து காலைக் கடிக்கும். நமக்கு அது பழகிப்போன சமாசாரம். பெங்களூர்ப் பிள்ளைக்கு அப்படியா? அங்கே மாலில் காசு கொடுத்துத் தொட்டியில் கால் விட்டு உட்கார்கிறார்கள்.

அடுத்து அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மீனுக்கு வலிக்குமா? நீங்கள் "வலிக்காதுடா" என்றது பாசத்தில் சொன்னது, தெரிகிறது. ஆனால் அது சரியான பதில் இல்லை. 2003இல் பிரிட்டனில் டிரவுட் மீன்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அந்த மீன்களின் தலைப்பகுதியில், உதடு உட்பட, காயத்தையும் சூட்டையும் அமிலத்தையும் உணரும் நரம்பு முனைகள் இருந்தன. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்துக்கொண்டன, நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மீன் உணர்வதும் நாம் உணர்வதும் ஒன்றா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் துடிக்கிற கெளுத்தியைப் பார்த்து ஒரு பிள்ளை 'வலிக்குது' என்றால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்த வருஷம் மறுபடி கேட்டால் "ஆமாய்யா, வலிக்கும்னுதான் எனக்கும் தோணுது. போன தடவை நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். தாத்தா ஒரு தப்பை ஒத்துக்கொள்வதைப் பிள்ளைகள் லேசில் மறப்பதில்லை.

சொன்னதற்கு ஏற்றபடி நடந்தும் காட்ட வேண்டும். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கூர் இருக்கும் அல்லவா, அதைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். நாலு மீன் நழுவிப்போகும், போகட்டும். மாட்டிய மீனிலிருந்து முள் சுலபமாகக் கழன்று வரும். நாளைக்கு அதே முள் அவன் விரலில் ஏறினாலும் அதேபோல் கழன்று வரும், நான் அந்தக் கவலையில்தான் முதலில் சொல்வேன். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துபோகும், அதுதான் நோய் அண்டாமல் காக்கிற மேல்பூச்சு. இன்னொரு விளையாட்டும் உண்டு. மீன் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் பேரனும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அவனால் முடியாமல் போகும்போது மீனுக்கும் முடியவில்லை என்று அர்த்தம், உடனே தண்ணீருக்குள் விட வேண்டும். நீங்களும் சேர்ந்து அடக்குங்கள், யார் முதலில் தோற்கிறார்கள் என்று பார்க்கலாம்.

குழம்புக்கு வேண்டும் என்றால் ஜிலேபிக் கெண்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது நம்ம ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளம் குட்டை எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது. நம் நாட்டுக் கெண்டைகளுக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்துவிட்டது. எடுப்பதாக இருந்தால் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியாக அடித்து முடித்துவிடுங்கள். அவன் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவனிடமே கேளுங்கள், "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். அன்று ராத்திரி அவன் மீன் சாப்பிட மறுத்தாலும் அதை ஒரு வழக்காக்க வேண்டாம்.

ஆனாலும் அந்த ஜிலேபி மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஓட்டம் இல்லாத ஓரத் தண்ணீர் தெளிந்திருக்கும்போது தரையைப் பார்த்தால் சோற்றுத் தட்டு அளவில் வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளியள்ளித் துப்பித் தோண்டியவை அவை. பெண் மீன் வந்து அதில் முட்டையிட்டு, அத்தனையையும் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை அதற்குச் சாப்பாடு கிடையாது, வாய் நிறையப் பிள்ளைகள். பொரித்த பிறகும் ஆபத்து என்றால் குஞ்சுகள் திரும்ப அம்மா வாய்க்குள் ஓடி ஒளியும். இதை ஒரு எட்டு வயதுக்காரனிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அவன் போன் கேட்கிறானா என்று பார்க்கலாம். குளத்துப் பக்கம் போனால் விரால் பார்ப்பை, அதாவது குஞ்சுக் கூட்டத்தைத் தேடுங்கள். தண்ணீர் மேல் செந்நிறத்தில் ஒரு கொத்து கொதிப்பதுபோல் நகர்ந்துகொண்டே போகும். அடியில் தாயோ தகப்பனோ காவலுக்குப் போய்க்கொண்டிருக்கும், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். பார்ப்போடு திரியும் விராலுக்கு மட்டும் தூண்டில் போடாதீர்கள். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரை.

இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தாத்தாக்களிடம் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இது. கரையில் உட்கார்ந்ததும் "அந்தக் காலத்துல இந்த ஆறு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அது முடிந்தால் "அது என்ன பறவை சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே விடுமுறைக்குத்தானே. ஒரு நாளைக்கு ஒரு கதை, அதுவும் அவன் கேட்டால். பறவைக்குப் பெயர் தெரியவில்லை என்றால் "தெரியலையே, என்ன செய்யுதுன்னு பாப்போம்" என்று சொன்னால் போதும்.

பறவை விஷயத்தில் பேசாமலே விளையாடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. குளத்தில் முக்குளிப்பான் இருக்கும், வாத்துக் குஞ்சு மாதிரி குண்டாக, வால் இருக்கிறதா என்றே தெரியாது. திடீரென்று 'முளுக்' என்று காணாமல் போகும். எங்கே எழும் என்று இரண்டு பேரும் விரலை நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். யார் விரலுக்குப் பக்கத்தில் எழுகிறதோ அவருக்குக் கடலை மிட்டாய். அது எப்போதும் இரண்டு பேரும் நினைக்காத இடத்தில்தான் எழும், மிட்டாயைப் பாதியாக உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், அலகு நேராகக் கீழே பார்த்திருக்கும். பிறகு கல் விழுகிற மாதிரி விழும். பல தடவை வெறும் வாயோடுதான் மேலே வரும். நாலு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் மாட்டாத அன்றைக்கு இது நம் மனதுக்கு ரொம்ப ஆறுதல்.

தூண்டிலை மூன்றாம் நாள் எடுங்கள். புழுவைக் கோக்க அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கரையாமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு சேர்த்து உருட்டி வைத்துக்கொள்ளுங்கள், கெண்டையும் ஜிலேபியும் அதற்கே வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், மே மாத வெயில் உங்களுக்குத் தெரியாததா. இதில் உண்மையாகத் தூண்டில் பிடிக்கிற நேரம் முக்கால் மணி இருந்தால் அதிகம். "இன்னும் கொஞ்ச நேரம் தாத்தா" என்று அவன் கெஞ்சும்போதே கிளம்பிவிடுங்கள், மறுநாள் அவனே உங்களை எழுப்புவான். தக்கையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பொடிக் கெண்டை என்றால் தட்டித்தட்டிப் பார்க்கும், தக்கை நடுங்குமே தவிர முங்காது. ஜிலேபி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கெளுத்தி விழுங்கிவிட்டு நேரே கீழே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுதி அனுப்புகிற மாதிரி அது. இந்த வித்தையில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி மருமகள் விஷயம். அவர் பயந்தது சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே இடம் இல்லாதபோது கத்துவது எப்படி? சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவரிடம் "நாங்கள்லாம் சின்ன வயசுல" என்று தொடங்காதீர்கள். பையனுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கியாயிற்று, கை எட்டும் தூரத்தை விட்டு அவனை விடமாட்டேன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்கமாட்டேன், துணைக்கு நீச்சல் தெரிந்த இன்னொருவரையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள். காற்றடைத்த டியூப் லைஃப் ஜாக்கெட் ஆகாது, நழுவிவிடும். அப்புறம் அவரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். பல மருமகள்களை யாரும் கூப்பிட்டதே இல்லை, அதுதான் உண்மை. அவர் வந்து கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகும் "வேண்டாம் மாமா" என்றால் வேண்டாம்தான். முக்குளிப்பான் விளையாட்டைக் குளத்துக் கரை மேலிருந்தே விளையாடலாம்.

இடம் பார்க்கும்போது பாசி பிடித்த படித்துறை, மதகு, மணல் அள்ளிய குழி மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். மணல் குழி மேலே பார்க்க முழங்கால் அளவு மாதிரி இருக்கும், அடுத்த அடி வைத்தால் ஆள் முங்கும். அணையில் திறப்பைக் கூட்டினால் ஆற்றில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் தொடும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள், அதைக் கவனிக்கும் வேலை பேரனுக்கு. கோடு மறைந்தால் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். கோடை மழைக்கு மேற்கே கறுத்து இடிச் சத்தம் கேட்டாலும் அப்படியே, பனைமரத்தடியில் ஒதுங்காமல் நேராக வீட்டுக்கு. ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தை மூடி, கழுத்தில் பத்துப் பதினைந்து அடி நைலான் கயிறு கட்டி எடுத்துப்போங்கள். யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் குடத்தை எறிந்து இழுக்க வேண்டும். 67 வயதில் குதித்துக் காப்பாற்றலாம் என்பது மனக்கணக்கு. மூழ்கியவரை வெளியே எடுத்தால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் கூடாது. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். செய்முறையை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் காட்டித்தருவார்கள். மகன், மருமகள், நீங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சின்னக் காயங்கள் இரண்டு உண்டு. கெளுத்தியின் முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முள் இருக்கும், குத்தினால் விஷக் கடுப்பு. அவனைக் கெளுத்தியைத் தொட விடாதீர்கள். குத்திவிட்டால் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், கடுப்பு இறங்கும். சூட்டை உங்கள் கையால் பார்த்த பிறகே அவன் கையை வைக்க வேண்டும், வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது. முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ மறுநாள் வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று தூண்டில் முள். சில வருடங்களுக்கு முன் ஒரு தாத்தா பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு ஓடிவந்தார். தூண்டிலைப் பின்னால் சுழற்றி வீசியிருக்கிறார், பின்னால் நின்ற பிள்ளையின் காது மடலில் முள். வழியிலேயே இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததில் காது கிழிந்து தொங்கியது. பிள்ளை அழவில்லை, அவர்தான் அழுதுகொண்டிருந்தார். முள் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பை (முள்ளைக் கட்டியிருக்கும் நூலை) வெட்டிவிட்டு, முள் ஆடாமல் துணி சுற்றி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கண் பக்கம் என்றால் தொடவே கூடாது. ஐந்து, ஆறு வயதில் போடும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருமகளிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், டெட்டனஸ் பயம் பாதி தீர்ந்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். குளம் என்றால் மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். தாத்தாவும் பேரனும் நாலு கெண்டை பிடிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, கேட்காமல் போட்டால்தான் சண்டை. அனுமதி கேட்கும்போது பேரனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே முண்டந்துறைக் காட்டுப் பக்கம் தூண்டிலோடு போகவே போகாதீர்கள், அது புலிகள் காப்பகம். பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்குப் பொரி போடுவதோடு சரி. அங்கே ஒரு நாள் அவனைக் கூட்டிப்போய்ப் பொரி போடச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய மீன்கள் இந்த ஆற்றில் இருக்கின்றன என்று அவன் வாயைப் பிளந்து நிற்பான்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆபத்துக்கு ஒன்று வேண்டும், உங்கள் சட்டைப் பையில் சத்தத்தைக் குறைத்து வைத்திருங்கள். அவன் போரடிக்குது என்று சொன்னால் பதறிப்போய் ஏதாவது காட்டாதீர்கள். "ஆமா, எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தக்கையைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கல்லைப் புரட்டுவான், நண்டு வளையில் குச்சியை விடுவான், தட்டான் வாலால் தண்ணீரைத் தொட்டுத்தொட்டுப் பறப்பதைப் பார்த்து "அது என்ன செய்யுது" என்பான். முட்டையிடுகிறது என்று சொல்லுங்கள். கல்லை மட்டும் பார்த்த பிறகு பழையபடி கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அடியில் குடியிருப்பவர்கள் உண்டு.

கடைசியாக அந்த ஆன்லைன் செட். வேண்டாம். சக்கரம் வைத்த கம்பு எட்டு வயதுக் கைக்கு அடங்காது, அரை நாள் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். காசையும் லைஃப் ஜாக்கெட்டில் போடுங்கள். பசங்கள் தூண்டில் வாங்குகிற கடை உங்கள் பக்கம் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் தங்கூசி நரம்பும், பொடி முள் அரை டஜனும், ஈயக்குண்டும் வாங்கி வையுங்கள். கம்புக்கு அவனையும் கூட்டிப்போய் ஒல்லி மூங்கிலாக அவனே தேர்ந்தெடுக்கட்டும். அவன் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தால் போதும், அதற்கு மேல் நீளம் வேண்டாம். நரம்பும் கம்பு நீளத்துக்கே இருக்கட்டும், அப்போது வீச வேண்டியதே இல்லை, நீட்டினால் போதும், பின்னால் நிற்பவர் காது தப்பிக்கும். தக்கையை அவன் செய்ய வேண்டும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை நீங்கள் வெட்டிக் கொடுங்கள், அவன் நடுவில் ஓட்டை போட்டு, பிடித்த நிறத்தில் சாயம் பூசிக்கொள்ளட்டும். முதல் தக்கை கோணலாக மிதக்கும், திருத்தாதீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது கம்பு பேருந்தில் ஏறாது, தக்கையும் நரம்பும் அவன் பையில் போகட்டும். முள்ளைக் கழற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.